புறங்கை வைத்துப் பார்ப்பவர்

பிள்ளைக்குத் துணி தைக்கக் கொடுக்க வருகிற அப்பா அம்மா யாராக இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் போக மாட்டார்கள். "வளர்ற புள்ளைங்க. உள்ள நல்லா மடிச்சு உட்டுத் தைங்க." அடுத்த வருடம் மடிப்பைப் பிரித்து இறக்கிவிட்டால் அதே பாவாடை இன்னொரு வருடம் ஓடும். அடிவாரத்தில் எங்கள் ஊரிலும் அப்படித்தான், கொல்லிமலை மேலே போய் மிஷின் போட்டபோதும் அப்படித்தான். நான் தைக்கத் தொடங்கியதிலிருந்து மடிப்பு வேண்டாம் என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான்.

"மடிப்பெல்லாம் வேண்டாமுங்கம்மிணி. இப்பத்திக்கு அளவாத் தைச்சிருங்க" என்றார்.

அவர்தான் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். என் கணவர் கட்டட வேலைக்கு மலை ஏறியபோது, வாழவந்தி நாடு என்கிற ஊரில் ரோட்டை ஒட்டி இருந்த அவருடைய வீட்டின் முன்னறையை வாடகைக்குப் பிடித்தோம். என் மிஷினும் எங்கள் குடித்தனமும் அந்த ஓர் அறைக்குள். பின்பக்கம் அவர், அவர் மனைவி, ஒரே மகள் தர்சினி. அவளுக்கு ரத்தத்தில் புற்றுநோய் வந்து, கீழே ஆஸ்பத்திரியில் வருடக்கணக்காக மருந்து ஏற்றி, பிறகு மாத்திரையாகக் கொடுத்து, அந்த மாத்திரையையும் நிறுத்திச் சில வாரங்கள் ஆகியிருந்த சமயத்தில்தான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சீருடை அவளுக்கு இடுப்பில் நிற்கவில்லை. மருந்தில் ஊதியிருந்த உடம்பு வற்றிப்போயிருந்தது. அதனால் சோளக்காடு என்கிற பக்கத்து ஊர்ச் சந்தையில் கருநீலத் துணி எடுத்து வந்திருந்தார்.

இதெல்லாம் எனக்கு அப்போது முழுசாகத் தெரியாது. கஞ்சத்தனத்தைக்கூட இப்படித் தலைகீழாகச் செய்கிற ஆள் உண்டா என்று நினைத்து, "ஏனுங்கண்ணா, மடிச்சு உட்டா அடுத்த வருசத்துக்கும் ஆகுமில்லீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் மகள் அந்தப் பக்கம் இருக்கிறாளா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "அடுத்த வருசத்த நாம இப்பப் பேச வேண்டாமுங்க" என்றார்.

சரி என்றேன். ஆனால் அவருக்குத் தெரியாமல் உள்ளே மடித்துத்தான் தைத்தேன். வளர்கிற பிள்ளைக்கு அத்தனை அளவாகத் தைக்க எனக்கு மனசு வரவில்லை.

அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் ஊர் சிரிக்கும். வெறும் காலோடு பலா மரத்தின் உச்சிக்கு ஏறுவார். காப்பித் தோட்டத்தில் பாம்பு கிடந்தால் குச்சியால் ஓரம் தள்ளிவிட்டுப் பேச்சைத் தொடர்வார். மழையில் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டால் முதல் ஆளாக மண்வெட்டியோடு போய் நிற்பார். அப்பேர்ப்பட்ட மனிதர், மகள் ஒரு தும்மல் போட்டால் போதும், முகத்தில் இருக்கிற ரத்தமெல்லாம் எங்கே போகுமோ தெரியாது. கன்னம் உள்வாங்கும். கண் இரண்டும் பெரிதாகி அவளை விழுங்குகிற மாதிரி பார்க்கும். வாய் கொஞ்சம் திறந்து அப்படியே நிற்கும். அந்த முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். என்னால் முடியவில்லை.

தும்மல் கேட்ட மறு நிமிடம் எங்கிருந்தாலும் வந்து புறங்கையை அவள் கழுத்தில் வைப்பார். உள்ளங்கை உழைத்துக் காய்த்துப்போனது, அதில் சூடு தெரியாது என்பார். முதலில் கழுத்து, பிறகு நெற்றி, அப்புறம் சட்டைக்குள் கைவிட்டு முதுகு. காலையில் எழுந்ததும் ஒரு தடவை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு தடவை, நடுவில் தண்ணீர் குடிக்கும் போது, சடை பின்னும் போது, சும்மா போகிற போக்கில். அந்தப் பெண்ணும் அவர் கிட்டே வருவதைப் பார்த்தாலே தலையைச் சாய்த்துக் கழுத்தைக் காட்டும். பல் தேய்க்கிற மாதிரி அதுவும் ஒரு பழக்கமாகிவிட்டிருந்தது.

வண்டியை நிறுத்துவதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. தோட்டத்திலிருந்து வந்ததும் பைக்கைத் திருப்பி, மலையிலிருந்து இறங்குகிற பக்கம் பார்த்துத்தான் நிறுத்துவார். பெட்ரோல் குறைய விட மாட்டார். கதவுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு பை தொங்கும். அதில் அவளுக்கு மாற்றுத்துணி, போர்வை, தண்ணீர் பாட்டில். அந்த வீட்டில் 'கீழே' என்றால் ஆஸ்பத்திரி என்று அர்த்தம். வேறு எதற்காகவும் கீழே போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். சந்தைக்கு, கல்யாணத்துக்கு என்றால் அந்தந்த ஊர்ப் பெயரைச் சொல்வார்கள். நான் தெரியாமல் ஒருநாள், "அக்கா, நாளைக்குக் கீழ போறேன், எதாச்சும் வேணுங்களா?" என்று கேட்டதற்கு அவர் மனைவி என் பேச்சை மறித்தார். "சந்தைக்குப் போறேன்னு சொல்லும்மிணி. அவரு காதுல உழுந்தா அப்படியே நின்னுக்குவாரு."

அந்த அக்கா வேறு மாதிரி. எதற்கும் சிரிப்பு. முடியெல்லாம் கொட்டிப்போன மகளுக்குப் புதிதாகச் சுருள் சுருளாக முடி வளர்ந்ததைப் பார்த்து, "எங்க பரம்பரையிலேயே சுருட்ட முடி கிடையாது. ஆஸ்பத்திரிக்காரங்க யாரோட முடியவோ மாத்திக் குடுத்துட்டாங்க" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தச் சுருட்டையைப் பார்த்தும் அவள் அப்பாவுக்குப் பயம்தான். முன்பு நேராக இருந்தது இப்போது ஏன் சுருள்கிறது என்று டாக்டரிடம் கேட்டு, இது வழக்கம்தான் என்று டாக்டர் சொல்லி, அதை நம்பாமல் அடுத்த தடவையும் கேட்டவர் அவர்.

மிளகுதான் அவர்கள் வீட்டின் முக்கிய வருமானம். அந்த வருடம் காற்றுக்குச் சில மரங்கள் சாய்ந்து கொடிகள் போய்விட்டன. அவருடைய அண்ணன் நல்ல கொடியிலிருந்து வெட்டிப் பையில் வேர்விட்ட நாற்றுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். மிளகுக்கொடி நட்டால் காய்க்க வருடங்கள் ஆகும். இவர் அந்தப் பைகளை வீட்டுப் பின்சுவர் ஓரம் அடுக்கி வைத்தார், தினமும் தண்ணீர் ஊற்றினார், நடவில்லை. கேட்டால், "அடுத்த செக்கப்பு முடியட்டுமுங்க" என்பார். செக்கப்பு முடியும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்புவார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஒரு பொழுது மட்டும் அவர் சாதாரண மனிதர். தோட்டத்தைச் சுற்றி வருவார், அண்ணனுக்குப் போன் போட்டுப் பேசுவார். மறுநாள் காலையிலிருந்து அதற்கடுத்த செக்கப்புக்குப் பயப்படத் தொடங்கிவிடுவார். நாற்று பையிலேயே இருக்கும். நிலத்தில் அவர் போட்டதெல்லாம் கீரை, முள்ளங்கி, பீன்ஸ். கைக்குச் சீக்கிரம் வருவதை மட்டும்தான் நம்பினார்.

நான் தைத்துக் கொடுத்த அந்தக் கருநீலப் பாவாடை செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நல்ல மழை. தர்சினி முழுக்க நனைந்து வந்து நின்றாள். அவர் துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்து தலையைத் துவட்டினார். துவட்டிக்கொண்டே குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவளுடைய முழங்காலிலும் தொடைப் பக்கமும் திட்டுத் திட்டாகக் கருநீலம். நோய் முதலில் வந்தபோது அவள் காலில் அதே மாதிரி கன்றிப்போன அடையாளங்கள்தான் வந்தனவாம்.

அவர் சத்தம் போடவில்லை. துண்டைக் கீழே போட்டார். ஆணியிலிருந்த பையை எடுத்தார். பைக் சாவியைத் தேடினார், அது அவர் கையிலேயே இருந்தது. "அம்மிணி, அவளக் கூப்பிடுங்க, தோட்டத்துல இருக்கா, கூப்பிடுங்க" என்று என்னிடம் சொன்னார். குரல் அவருடையதாக இல்லை. நான் பின்வாசலுக்கு ஓடி அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா ஓடி வந்தார். மகளின் காலைப் பார்த்தார். ஈரத்துண்டை எடுத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தார். நீலம் துண்டில் வந்துவிட்டது. சந்தைத் துணியின் சாயம்.

அக்கா துண்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தார். தர்சினி மட்டும் சிரிக்கவில்லை. அவள் தன் காலை ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அத்தனை நேரமும் அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கழுத்தைக் காட்டினாள்.

அன்று இருட்டுவதற்கு முன்னால், உப்புப் போட்ட தண்ணீரில் அந்தப் பாவாடையை அலசு அலசு என்று அலசிக் கொடியில் போட்டுவிட்டு அவர் என் அறை வாசலில் வந்து உட்கார்ந்தார். தானாகவே பேசினார்.

"மொத மொதல்ல கால் வலிக்குதுன்னாளுங்க. பள்ளிக்கூடம் உட்டு வந்தாப் படுத்துக்குவா. வேல செய்ய ஒடம்பு வளையாமப் படுக்கறான்னு நெனச்சேன். எந்திரிடி சோம்பேறின்னு வெரட்டிக் கெழங்கு மூட்டைய ஒரு கை புடிக்க வெச்சேனுங்க. அவளும் புடிச்சாளுங்க. ஒண்ணுமே சொல்லல." கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். "இனிமே எனக்குத் தெரியாம அது வரக்கூடாதுங்கம்மிணி. அவ்வளவுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க மிஷினை மிதித்தேன், நூல் இல்லாமலே ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த தெர்மாமீட்டர் ஒன்று அவர்களிடம் இருந்தது. சதா அதை மகளின் அக்குளில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். பாடம் படிக்க விட மாட்டார், விளையாட விட மாட்டார். கடைசியில் டாக்டரம்மாவே, "தினமும் பாக்க வேண்டாம். தொட்டுப் பாத்து சூடு தெரிஞ்சா மட்டும் வெச்சுப் பாருங்க. ஆனா காய்ச்சல்னா ஒருநாள்கூடத் தள்ளக் கூடாது, உடம்புல எதிர்ப்பு சக்தி முழுசா வர இன்னும் கொஞ்சம் மாசம் ஆகும்" என்று சொல்லி அனுப்பினார். முதல் பாதியை அக்கா பிடித்துக்கொண்டார், பின்பாதியை இவர் பிடித்துக்கொண்டார். அக்கா தெர்மாமீட்டரைச் சாமை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்துவிட்டு எனக்கு மட்டும் சொன்னார். இவர் வீடு முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டுப் புறங்கையையே நம்பி இருந்தார்.

ஐப்பசி அடைமழை தொடங்கியது. மலையில் அந்த மாதம் வெயிலைப் பார்ப்பது அபூர்வம். எதிர் வீடு மஞ்சுக்குள், மூடுபனிக்குள் மறைந்திருக்கும். காலையில் எழுந்ததும் பிள்ளைகள் எல்லாம் விறகடுப்புக்கு முன்னால் குந்திக்கொண்டு குளிர்காய்வார்கள். அடுப்பில் சுடுதண்ணீர் கொதிக்கும். தர்சினி வழக்கமாக அதற்கெல்லாம் வர மாட்டாள், புகை ஆகாது. அந்த வாரம் மட்டும் அப்பா எழுந்திருக்கும் முன்பே போய் அடுப்போரம் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் வந்தாலும் அதே இடம். நான் சுடுதண்ணீர் எடுக்கப் பின்பக்கம் போனபோது பார்த்தேன். அவர் புறங்கையை வைத்தார்.

"சுடுதே கண்ணு."

"அடுப்புகிட்ட உக்காந்தாச் சுடாதுங்களாப்பா?" என்றாள்.

அவர் தன் கழுத்தையும் தொட்டுப் பார்த்தார். அடுப்புக்கு முன்னால் அவரும்தான் சூடாக இருந்தார். "அதானே" என்று சொல்லி, இன்னும் இரண்டு விறகை உள்ளே தள்ளி, அவள் பக்கம் தணல் வரும்படி இழுத்துவிட்டார். பிள்ளை குளிருக்கு இதமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குச் சந்தோஷம். 

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. தர்சினியின் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் பாவாடை சட்டை தைக்க அளவெடுக்க வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டேன். உள்ளே வரும்போதே ஒரு காலை லேசாக ஊன்றி வந்தாள். டேப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டேன். என் விரல் அவள் தோளில் பட்டது. என் அறையில் அடுப்பு மூட்டியிருக்கவில்லை, கதவு திறந்து மஞ்சு உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளையின் உடம்பு கொதித்தது.

"தர்சினி, காச்சலடிக்குதாடி?"

அவள் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாகிட்டச் சொல்லாதீங்கத்தை" என்றாள்.

"கால்ல என்ன சாமி?"

காலைத் தூக்கிக் காட்டினாள். பாதத்தில் ஒரு குத்துக் காயம், சுற்றிலும் சிவந்து வீங்கி, நடுவில் சீழ். வெறும் காலோடு தோட்டத்துக்குப் போனவள் வெட்டின காப்பிக் குச்சியை மிதித்திருக்கிறாள். செருப்பில்லாமல் போகக்கூடாது என்று அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"ஏன் கண்ணு சொல்லல? ஊசி போடுவாங்கன்னு பயமா?"

"ஊசியெல்லாம் பழகிருச்சுங்கத்தை" என்றாள், பெரிய மனுஷி மாதிரி. "அப்பா மூஞ்சி மாறிரும். அதப் பாத்தா எனக்குப் பயமா இருக்குது. நான் செத்துப்போயிருவேனோன்னு அப்பத்தான் தோணுது."

பத்து வயதுகூட ஆகாத பிள்ளை வாயில் அந்த வார்த்தை. நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. "அம்மாகிட்டச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் ஓடினேன்.

அக்கா சாமை டின்னுக்குள் கையை விட்டுத் தெர்மாமீட்டரை எடுத்து வந்து வைத்தார். அது பீப் பீப் என்று கத்தியது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவர் வந்தார். மனைவி கையில் தெர்மாமீட்டர், மகளின் பாதத்தில் சீழ், என் முகம். மூன்றையும் பார்த்தார். நான் சொன்னேனே அந்த முகம், அது வந்தது. தர்சினி அதை நேராகப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணுமில்லீங்கப்பா. நல்லாத்தான் இருக்கறேன்" என்று அவரைத் தேற்றினாள்.

மிஷினை மூடி வைக்கிற ரெக்சின் விரிப்பை எடுத்து அவளுக்குச் சுற்றிவிட்டேன். பைக்கில் அவர், நடுவில் அவள், பின்னால் அக்கா. ஆம்புலன்சுக்குச் சொன்னால் மேலே வந்து திரும்ப நேரமாகும் என்று அவர் காத்திருக்கவில்லை. பத்தடிக்கு மேல் ரோடு தெரியவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அத்தனை கொண்டை ஊசி வளைவையும் அந்த மஞ்சில், அந்த மழையில், அந்த மனிதர் கை நடுங்காமல் இறக்க வேண்டும். வண்டிச் சத்தம் கேட்காமல் போன பிறகும் நான் ரோட்டில் நனைந்துகொண்டே நின்றேன். என் கணவர் வந்துதான் உள்ளே கூட்டிப்போனார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சோறும் துணியும் எடுத்துக்கொண்டு நானும் கீழே போனேன். வார்டில் தர்சினிக்குக் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. பாதத்தில் கட்டு. ரத்தம் எடுத்துப் போயிருந்தார்கள், முடிவு வரவில்லை. அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. அக்காவின் முகத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரிப்பைக் காணவில்லை. "அந்த எழவ டின்னுக்குள்ள வெச்சேனே அம்மிணி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

காயத்தால் வந்த காய்ச்சலா, பழைய நோய் திரும்பியதா என்பது அந்த ரத்தத்தில்தான் தெரியும். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். வேறு யாரோ வருவார்கள். மறுபடி கதவு மூடும்.

டாக்டரம்மா வந்தார். சின்ன வயசுப் பெண், தர்சினியை ஆரம்பத்திலிருந்து பார்த்தவர். "ரத்தத்துல பழைய நோய் இல்லீங்க. கால் புண்ணுதான் காரணம். சில நாள் ஊசி போடணும், இங்கேயே இருக்கட்டும்" என்றார். அக்கா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு கட்டிலைப் பிடித்தார். அவர் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார்.

"ஆனா இது நேத்து வந்த காய்ச்சல் இல்லியே" என்றார் டாக்டரம்மா. "இன்னும் தள்ளியிருந்தா ரத்தத்துல கலந்து காப்பாத்த முடியாமப் போயிருக்கும். எப்ப இருந்து அடிக்குது?"

"நேத்துத்தானுங்க. நான் தெனமும் தொட்டுப் பாக்கறேனுங்களே" என்றார் அவர்.

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழகாத பிள்ளை. "புதன்கிழமையிலிருந்துங்க" என்றாள். "அடுப்புகிட்ட உக்காந்துக்குவேன். அப்பாவுக்குத் தெரியாது."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா அப்பா பயந்துக்குவாருங்க."

அவர் கும்பிட்ட கையை இன்னும் கீழே இறக்கவில்லை. அப்படியே வெளியே போனார். எதையாவது செய்துகொள்வாரோ என்று எனக்குப் பதறியது, பின்னாலேயே போனேன். வராந்தா முனையில் கை கழுவுகிற குழாய் இருந்தது, அதன்மேல் ஓரம் உடைந்த ஒரு கண்ணாடி. அதற்கு முன்னால் நின்றிருந்தார்.

"ஏனுங்கம்மிணி, எம்மூஞ்சி அப்ப எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டார்.

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன், வரவில்லை. "இப்ப இருக்கற மாதிரிதானுங்கண்ணா" என்றேன்.

அவர் அந்தக் கண்ணாடியில் தன்னை வெகுநேரம் பார்த்தார்.

அவர்கள் மலைக்குத் திரும்பியபோது அந்த வீட்டில் சில மாற்றங்கள் வந்தன. தெர்மாமீட்டரை அக்காவே, டின்னுக்குள் திரும்ப வைக்காமல், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் மாட்டினார். உடம்பு சரியில்லை என்று தோன்றினால் தர்சினியே எடுத்து வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று பேச்சு. எது என்றாலும் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பதிலாக அப்பா முகத்தை மாற்றிக்கொள்ள மாட்டார். இது அப்பாவுக்கும் மகளுக்கும் நடந்த ஒப்பந்தம்.

மலையில் இருந்தவரைக்கும் நான் பார்த்த வேடிக்கைகளில் அதுதான் பெரிய வேடிக்கை. அவர் எப்போது பார்த்தாலும் சிரித்துக்கொண்டே இருந்தார். மகள் இருமினால் சிரிப்பு, முழங்காலில் சிராய்த்துக்கொண்டு வந்தால் சிரிப்பு. கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு, "அப்படீங்களா சாமி? செரி, கழுவிக்கலாம் வா" என்பார். "பயந்த மூஞ்சியே தேவலாம்போல இருக்குது, இத வெச்சு எருமைகூட மெரளும்" என்றார் அக்கா. ஆனால் மகள் சொல்ல ஆரம்பித்தாள். வயிற்றுவலி என்றால் வயிற்றுவலி என்றாள், கல் குத்தினால் குத்தியது என்றாள். அந்த மட்டில் அவர் ஜெயித்தார்.

பயம் மட்டும் எங்கேயும் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இறங்கினால் ஒரு பெரிய பலா மரம். சிரித்து முடித்ததும் ஏதோ வேலை இருக்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விடுவார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருக்கும். நான் முதலில் பீடி குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

தை மாதம் என் கணவருக்கு மலையில் வேலை முடிந்தது. நாங்கள் இறங்குவதற்கு முன்னால் ஒருநாள் காலை, தைத்து வைத்திருந்த துணியைக் கொடுக்கப் பின்பக்கம் போனேன். அன்றைக்குத் தர்சினிக்கு வந்தது சாதாரணச் சளிக் காய்ச்சல்தான், ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு அன்றே அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த நேரத்தில் அது எங்களில் யாருக்கும் தெரியாது.

அக்கா பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தர்சினி கட்டிலில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அக்குளில் தெர்மாமீட்டர். கண் சிவந்து கன்னம் பளபளத்தது. தொட்டுப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அப்பா எங்க கண்ணு? வண்டிய எடுக்கச் சொல்லட்டுமா?"

"கூப்பிடாதீங்கத்தை. நான் சொன்னதும் சிரிச்சாரு. இப்ப மரத்துகிட்டப் போயிருக்காருங்க" என்றாள். "பயந்துட்டு வந்துருவாரு."

நான் பின்வாசல் வழியாகப் பார்த்தேன். அவர் பலா மரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெற்றியை அதில் வைத்து நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது. அது குலுங்கியது.  தெர்மாமீட்டர் கத்தியது. தர்சினி அதை எடுத்துப் பார்த்தாள், யாருக்கும் படித்துக் காட்டவில்லை, மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். 

வெளியே தொட்டியில் தண்ணீர் மொள்கிற சத்தம் கேட்டது. அவர் முகம் கழுவுகிறார். தர்சினி பாவாடையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அத்தை, அப்பா வாராரு" என்றாள். "நீங்களும் சிரிச்ச மாதிரி இருங்க."